நகரும் விருந்தும் நகராத வாயிலும்

அமெரிக்கக் கல்லூரிகளிலே மாணவர் மன்றங்கள் நடத்துகிற விருந்துகளுள் ஒன்றுக்குப் ‘புரோகிரசிவ் டின்னர்’ என்று பெயர். பெயரைக் கேட்டதும், “ஆகா, முற்போக்கு விருந்து!” என்று நம்மவர் மகிழக்கூடும். அந்த மகிழ்ச்சியைச் சற்றே ஒத்திவைக்க வேண்டுகிறேன். அங்கே முன்னேறுவது கருத்து அல்ல, கால்! ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு, அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கு என்று விருந்தினர் நகர்ந்துகொண்டே இருப்பர். 1880-களில் அந்நாட்டில் ‘யூக்கர்’ என்றொரு சீட்டாட்டம் பெருவழக்காக இருந்தது. ஓர் ஆட்டம் முடிந்ததும் வென்றவர் எழுந்து அடுத்த மேசைக்குச் செல்வார். அதனைப் ‘புரோகிரசிவ் யூக்கர்’ என்றனர். மேசை மாறிய ஆட்டத்துக்கு எந்தப் பொருளில் அச்சொல் வழங்கிற்றோ, அந்தப் பொருளிலேதான் வீடு மாறும் விருந்துக்கும் வழங்குகிறது.

முறை எளிது. மாலையிலே முதல் வீட்டில் பழச்சாறும் சிறு தீனியும். இரண்டாம் வீட்டில் சூப்பு. மூன்றாம் வீட்டில் பச்சைக் காய்கறிக் கலவை. நான்காம் வீட்டில் இறைச்சி, கிழங்கு, ரொட்டி என்று வயிறு நிறையும் உணவு. ஐந்தாம் வீட்டில் இனிப்பும் காப்பியும். ஐந்து வீடு வாய்க்காவிடில் மூன்று வீடு. வீட்டுக்கு முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரம். வீடுகள் அருகருகே இருந்தால் நடை, தொலைவானால் கார். அடுத்த வீட்டார் மட்டும் கால் மணி முன்னதாகவே விடைபெற்று ஓடுவர். அடுப்பு அவர்களை அழைக்கும்! அதனாலேயே காத்திருந்தாலும் கெடாத பண்டங்களையே தேர்ந்தெடுப்பர். இங்கிலாந்திலும் இம்முறை உண்டு. ‘சஃபாரி சப்பர்’ என்பது அங்கே அதன் பெயர்.

“இளைஞர்களின் பொழுதுபோக்கு இது, இதற்கும் ஒரு திறனாய்வா?” என்று கேட்போர் இருப்பர். கேட்கட்டும். ஒரு சமுதாயம் மேடையிலே என்ன பேசுகிறது என்று அறிய ஏடுகள் உள்ளன. சட்டமன்றத்திலே என்ன இயற்றுகிறது என்று அறியப் பதிவுகள் உள்ளன. அது உள்ளத்திலே என்ன நினைக்கிறது என்று அறிய வேண்டுமாயின், யார் வீட்டில் யார் உண்கிறார்கள், யார் சமைத்ததை யார் உண்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். அந்தக் கண்கொண்டு இந்த விருந்தைப் பார்ப்போம்.

முதலில் அதன் நன்மை. ஒரே வீட்டில் ஒருவரே படைக்கும் விருந்திலே, கொடுப்பவர் ஒருவர், புகழ்பவர் ஐம்பதின்மர். உண்ட வாய் வாழ்த்தவேண்டும். வாழ்த்திய வாய் பின்னர் எதிர்த்துப் பேசக் கூசும்! வள்ளல் ஒருவர், இரவலர் பலர் என்ற பழைய ஏற்பாடுதான் அது. வீடு மாறும் விருந்திலோ செலவு ஐந்தாகப் பிரிகிறது; உழைப்பு ஐந்தாகப் பிரிகிறது; புகழும் ஐந்தாகப் பிரிந்துவிடுகிறது. ஊரென்றால் வகுப்பறையும் விடுதியும் மட்டுமே என்றிருந்த வெளியூர் மாணவன், ஒரே இரவில் ஐந்து குடும்பங்களைக் காண்கிறான். எந்த வீட்டில் என்னென்ன நூல்கள் உள்ளன, எந்த வீட்டில் பாட்டியும் வந்து உடன் அமர்கிறார் என்பதையெல்லாம் விரிவுரை எதுவும் அவனுக்குக் கற்பிக்காது. இவ்வளவும் நன்றே.

குறை எங்கே? அந்த ஐந்து வீடுகள் எவை என்று கேளுங்கள், குறை தெரிந்துவிடும்.

இருபது பேர் அமரக் கூடம் வேண்டும். இருபது பேருக்குச் சமைக்கப் பெரிய அடுப்பு வேண்டும். தட்டும் கரண்டியும் நாற்காலியும் அதே கணக்கில் வேண்டும். ஆகவே ஆசிரியர் வீடு, பழைய மாணவராக இருந்து செல்வம் ஈட்டியவர் வீடு, வசதியுள்ள தோழன் வீடு என்று பட்டியல் தானே அமைந்துவிடுகிறது. ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவனின் முகவரி அந்தப் பட்டியலில் ஏறுவதில்லை. அவன் ஐந்து வீட்டிலும் உண்பான்; ஆறாவது வீட்டுக்கு எவரையும் அழைக்கமாட்டான். ஆண்டுதோறும் விருந்து நகரும். ஆனால் அழைப்பவர் அழைப்பவராகவே இருப்பர், அழைக்கப்படுபவர் அழைக்கப்படுபவராகவே இருப்பர். உண்டுவிட்டு ஒருநாளும் திருப்பி ஊட்ட வாய்ப்பில்லாதவனின் நன்றி, மெல்ல மெல்லக் கடனாக மாறும். கடன்பட்டார் நெஞ்சத்துக்குச் சமத்துவம் எப்படித் தெரியும்?

இன்னொன்று. விருந்து வீடுவீடாக நகர்கிறதே, அந்தந்த வீட்டில் சமைத்தவள் நகர்கிறாளா? பல வீடுகளில் இல்லை! கணவரும் பிள்ளைகளும் விருந்தினரோடு அடுத்த வீட்டுக்குக் கிளம்புவர். கழுவவேண்டிய இருபது தட்டுகளோடு அவள் நிற்பாள். ஊர்வலம் போனபின் தெருவைக் கூட்டுபவரை எவரும் எண்ணுவதில்லை, அதுபோலத்தான் இதுவும்.

மூன்றாவது குறையைச் சொல்லத் தமிழிலேயே ஒரு சொல் இருக்கிறது. ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் பண்டைத் தமிழிலே புதுமை என்று பொருள். புதிதாக வந்தவருக்கே அது பெயர். உறவினர் வேறு, விருந்தினர் வேறு. தெரிந்தவர் தெரிந்தவரை அழைத்து உண்பது கூடியுண்ணல். தெரியாதவரை அழைத்து உண்பிப்பதே விருந்து. இந்த இலக்கணத்தை வைத்து அளந்தால், முன்பே நண்பர்களாக உள்ள ஒரு மன்றத்தார், முன்பே அறிமுகமான ஐந்து வீடுகளில் உண்பது விருந்து என்ற பெயருக்கே உரியதாகாது. புதியவர் எங்கே? அவர் வாயிலுக்கு வெளியே நிற்கிறார்!

வெளியே நின்ற அத்தகைய ஒருவரால் பெரியதொரு நிறுவனமே பிறந்த வரலாறு அமெரிக்காவில் உண்டு. 1909-இல், நியூயார்க் கொலம்பியாப் பல்கலைக் கழக நூலகப் படிகளில் எதிரே வந்த சீன மாணவர் ஒருவருக்கு ஹாரி எட்மண்ட்ஸ் என்பவர் வணக்கம் கூறினார். அந்த மாணவர் நின்றார். தாம் இந்நகருக்கு வந்து மூன்று வாரங்கள் ஆயின என்றும், தம்மோடு பேசிய முதல் மனிதர் அவர்தாம் என்றும் தெரிவித்தார். எட்மண்ட்சும் அவர் துணைவியாரும் அயல்நாட்டு மாணவரைத் தம் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை உணவுக்கு அழைக்கலாயினர். அந்த உணவு மேசை ஒரு மாணவர் மன்றமாக வளர்ந்தது. மன்றம் 1924-இல் ‘இன்டர்நேஷனல் ஹவுஸ்’ என்னும் மாபெரும் மாணவர் இல்லமாக எழுந்தது. கலிபோர்னியாவில் பெர்க்லி நகரிலும் அத்தகைய இல்லம் ஒன்று எழுப்ப முனைந்தபோது, பல இனத்தாரும் ஒரே கூரையின்கீழ் வாழ்வதா என்று 800-க்கும் மேற்பட்டோர் கூடி எதிர்த்தனர். அயல்நாட்டு மாணவரையும் நிறம் வேறானவரையும் சேர்க்காத மாணவர் சங்கங்களின் வீடுகள் நிறைந்த அதே தெருவில், 1930-இல் அந்த இல்லம் திறக்கப்பட்டது. ஒரு வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சோறு எவ்வளவு தூரம் செல்லவல்லது என்பதற்கும், அதனைக் கண்டு அஞ்சுவோர் எவ்வளவு பேர் என்பதற்கும் இதுவே சான்று.

அந்தக் கொலம்பியாவிலேதான் 1913 முதல் 1916 வரை அம்பேத்கர் பயின்றார். உயர்படிப்புப் படித்து, 1917-இல் பணியேற்கப் பரோடாவுக்கு வந்த அந்த அறிஞருக்கு, ஊரிலே தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் தம் சாதியை மறைத்துத் தங்கினார். செய்தி தெரிந்ததும் தடியேந்திய கூட்டம் வந்து வெளியேற்றியது. அமெரிக்கா தந்த பட்டம் அவர் கையிலே இருந்தது. ஒரு வீட்டு வாயிலைத் திறக்க அந்தப் பட்டத்தால் முடியவில்லை!

இனி, ஜெர்மனியின் பல்கலைக் கழக நகரங்களுக்குச் செல்வோம். அங்கே மாணவர் நடத்தும் ‘ரன்னிங் டின்னர்’ என்னும் ஓடும் விருந்து, நாம் மேலே கண்ட குறைகளுள் பலவற்றை ஒரு கணக்கினாலேயே தீர்த்துவிடுகிறது.

இருவர் இருவராக இணைந்து பெயர் கொடுப்பர். 9 இணைகள், அதாவது 18 பேர் என்று கொள்வோம். உணவு மூன்று கட்டம்: முன்னுணவு, பேருணவு, இனிப்பு. ஒவ்வோர் இணையும் ஒரு கட்டத்துக்குத் தம் வீட்டில் தாமே சமைக்கவேண்டும். மற்ற இரு கட்டங்களுக்குப் பிறர் வீட்டுக்குப் போகவேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் 3 வீடுகளில் உணவு. வீட்டுக்கு 3 இணைகள், 6 பேர். திட்டத்தைச் சரியாக வகுத்தால், ஒருமுறை சந்தித்த இணையை மீண்டும் மேசையில் சந்திக்க நேராது. ஆகவே ஒவ்வோர் இணையும் ஒரே இரவில் வேறு 6 இணைகளோடு, 12 பேரோடு உடனுண்டுவிடும். எஞ்சிய 2 இணைகள் எவை? அதே கட்டத்துக்குத் தத்தம் அடுப்படியில் நின்றவை! முடிவில் அனைவரும் ஓரிடத்தில் கூடும்போது அவர்களையும் கண்டுகொள்ளலாம். எந்த வீட்டுக்குப் போகிறோம் என்பதை விருந்தாளி தேர்ந்தெடுப்பதில்லை. கையில் தரப்படும் சீட்டு சொல்லும். அங்கே யார் இருப்பார் என்பது அழைப்பு மணியை அழுத்திக் கதவு திறந்தபின்தான் தெரியும்.

இந்தக் கணக்கின் சிறப்பைக் காணுங்கள். ஆறு பேருக்கு இடம் போதும், மாளிகை தேவையில்லை. மாணவர் நால்வர் கூடி வாடகைக்கு இருக்கும் சிறு வீடும், பக்கத்து அறையில் நாற்காலி இரவல் வாங்கிய வீடும், ஆசிரியரின் வீட்டுக்கு நிகராக வரிசையில் நிற்கும். ஆணும் சமைக்கவேண்டும், சமைத்தவர் தாமும் அடுத்த வீட்டுக்கு நகரவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொருவரும் ஒருமுறை கொடுப்பவர், இருமுறை பெறுபவர். நன்றி கடனாகத் தேங்க வழியே இல்லை, அன்றிரவே தீர்ந்துவிடுகிறது. குறையே இல்லையோ எனில், உண்டு. பேருணவு சமைக்க நேர்ந்தவனுக்குச் செலவு மிகுதி, முன்னுணவு சமைத்தவனுக்குக் குறைவு. எல்லோரிடமும் ஒரே அளவு பணம் திரட்டிப் பொதுவில் செலவிட்டால் அதுவும் நேராகும்.

அமெரிக்க முறையில் விருந்தினர் நகர்கின்றனர். ஜெர்மானிய மாணவர் முறையில் விருந்தினன் என்ற நிலையே நகர்கிறது. விருந்தினனாக வந்தவன் விருந்தளிப்பவனாக மாறும் அந்த ஒரு நகர்வைத்தான் நான் முன்னேற்றம் என்பேன்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? காரணம் அடுப்படியில் இருக்கிறது.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் வெள்ளையர் வீட்டு அடுப்படியில் நின்றவர் பெரும்பாலும் கருப்பினப் பெண்டிர். அவர்கள் பிசைந்த மாவு, அவர்கள் சுட்ட ரொட்டி, அவர்கள் வடித்த குழம்பு: அனைத்தும் வெள்ளையர்க்கு இனித்தன. ஆனால் சமைத்த அவர்கள் அந்த மேசையில் அமர்ந்தால் மட்டும் உலகம் கவிழ்ந்துவிடும்! 1901 அக்டோபர் 16-ஆம் நாள், புக்கர் டி. வாஷிங்டன் என்னும் கருப்பினக் கல்வியாளரைக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் தம் குடும்பத்தோடு உணவுண்ண அழைத்தார். தென்மாநிலங்களில் எழுந்த சீற்றம் கொஞ்சநஞ்சமன்று. அவரோடு ரூஸ்வெல்ட் அரசியல் கலந்துரையாடியதைப் பொறுத்தவர்கள், வீட்டு மேசையில் உடன் அமர்ந்ததைப் பொறுக்கவில்லை. 1960 பிப்ரவரி முதல் நாள் கிரீன்ஸ்பரோ நகரில், கருப்பின மாணவர் நால்வர் ஒரு கடையின் உணவு மேடையில் அமர்ந்து பரிமாறுமாறு கேட்டனர். மறுக்கப்பட்டும் எழாது அமர்ந்திருந்தனர். நாளுக்கு நாள் மாணவர் பெருகினர். அந்த ஆண்டு ஜூலைத் திங்களில் அக்கடை பணிந்தது. சமைக்கலாம், அமரக்கூடாது என்பது அந்நாட்டு நிறவெறியின் விதி.

நம் நாட்டுச் சாதி வெறியின் விதி என்ன? அதனைத் தலைகீழாக்கிப் பாருங்கள்! இங்கே ‘மேலோர்’ சமைத்ததை எவரும் உண்ணலாம். ‘கீழோர்’ எனப்பட்டவர் சமைத்ததை மேலே இருப்பதாகக் கருதிக்கொள்பவர் உண்ணலாகாது. சோறு மேலிருந்து கீழே வழியும். கீழிருந்து மேலே ஏறாது. எனவே நம் நாட்டிலே, வரிசையாக உட்கார்ந்து உண்பது சோதனையின் எளிய பாதிதான். அந்த எளிய பாதியும் எளிதாக வரவில்லை. நாட்டுப் பற்று ஊட்டுவதற்கென்று வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்திலே, பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவு படைத்ததை எதிர்த்து, 1925-இல் தமிழகமே கொதித்தது. வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டது என்ன? மாணவர் ஒன்றாக அமர்ந்து உண்ணட்டும் என்பதே. அதற்கே அத்தனை போராட்டம்!

கடினமான மறுபாதி, யார் சமைத்ததை உண்பது என்பது. 2018-இல் திருப்பூர் மாவட்டத்திலே, அரசுப் பள்ளி ஒன்றில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சார்ந்த அம்மையார் சமைக்கலாகாது என்று ஊரார் எதிர்த்தனர். அவரை இடம் மாற்றினர். கண்டனம் எழுந்தபின் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. 2023-இல் கரூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், காலை உணவுத் திட்டத்திலே சமைத்தவர் சாதியைக் காட்டிப் பெற்றோர் சிலர் தம் குழந்தைகளை உண்ணவிடாது தடுத்தனர். மாவட்ட ஆட்சியரே சென்று அமர்ந்து உண்ண நேர்ந்தது. பிள்ளைகள் பந்தியிலே ஒன்றாகத்தான் அமர்ந்தனர். தடுத்தது கரண்டி பிடித்த கையின் பிறப்பு!

ஆகஸ்ட் 15-ஆம் நாளிலும், அறிஞர் அண்ணா நினைவு நாளாகிய பிப்ரவரி 3-ஆம் நாளிலும், தமிழகத்துக் கோயில்களிலே பொது விருந்து நடைபெறுகிறது. அமைச்சர் அமர்கிறார், அலுவலர் அமர்கிறார், ஏழையும் அருகே அமர்கிறார். அதனை நான் குறைத்துப் பேசேன். அந்த வரிசையைப் பெறவே ஒரு தலைமுறை போராடிற்று. ஆயினும் எண்ணிப் பாருங்கள்: கோயில் மண்டபம் எவருடைய வீடும் அன்று. அங்கே எவர் வீட்டுப் படியும் மிதிக்கப்படவில்லை. எவர் வீட்டு உலையும் கொதிக்கவில்லை. உண்டு முடித்தவர் தத்தம் தெருவுக்குத் திரும்புகின்றனர். ஊரும் சேரியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பொது இடத்திலே சமத்துவம் பேசுவோர், ‘எங்கள் வீட்டிலே பெரியவர்கள் இருக்கிறார்கள்’ என்று மெல்லக் கூறி நழுவுவதற்கு அந்த மண்டபம் இடமளித்துவிடுகிறது.

தடைகளும் கூறப்படும். கேட்போம்.

“உடனுண்பதால் சாதி ஒழியுமா?” என்பர். ஒழியாது என்று அம்பேத்கரே 1936-இல் எழுதினார். உடனுண்ணும் சாதிகள் பல இருந்தும் சாதி உணர்வு சாகவில்லை. கலப்பு மணமே உண்மையான மருந்து என்பது அவர் முடிவு. நான் அதனை மறுக்கவில்லை. ஆனால் மணம் எங்கிருந்து முளைக்கும்? பழக்கத்திலிருந்து. பழக்கம் எங்கே வேர்விடும்? மண்டபத்தைவிட வீட்டிலே! தாய் பார்க்க, தங்கை பரிமாற, பாட்டி ஊர் விசாரிக்க ஒருவன் ஒரு வீட்டில் உண்டால், அந்த வீட்டார்க்கு அவன் அன்றுமுதல் ஒரு சாதிப் பெயர் அல்லன், ஓர் ஆள். விருந்து மருந்தாகாது போகலாம். மருந்தை உட்கொள்ளும் வலிமையைத் தரும்.

“நாங்கள் மரக்கறி உண்பவர்; எப்படி எல்லா வீட்டிலும் உண்பது?” என்பர். உண்ணாததை முன்கூட்டியே சீட்டில் எழுதிக் கொடுங்கள். சமைப்பவர் அதற்கேற்பச் சமைப்பர். ஜெர்மானிய மாணவரும் அப்படித்தான் செய்கின்றனர். ஆனால் ஒன்று: கத்தரிக்காயைக் கண்டு ஒதுங்குவது சுவை, அதே கத்தரிக்காயை இன்னார் கை சமைத்ததென்று ஒதுங்குவது தீட்டு. சுவைக்கு இடம் கொடுப்போம். சுவையின் போர்வையில் வரும் தீட்டுக்கு இடம் கொடோம்.

“பெற்றோர் இசையார்” என்பர். இது உண்மையான தடை. இசையாத வீட்டில் இளைஞன் படும் பாடு எளிதன்று. சாதியின் பேரால் பெற்ற மக்களையே கொல்லும் கொடுமை நம்மிடையே இன்னும் ஓயவில்லை. அதனால் ஒரே நாளில் எல்லா வாயிலும் திறக்கும் என்று நான் கூறவில்லை. எட்டு வீடு திறந்து ஒரு வீடு மூடியிருந்தால், அந்த ஒரு மாணவனைப் பழிக்கவேண்டா. நண்பன் அறையிலே அவன் சமைக்கட்டும். ஆனால் எந்த வாயில் திறக்கவில்லை, எதற்காகத் திறக்கவில்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். பட்டப் படிப்பு முழுவதும் கற்றாலும் சிலர் கற்காத பாடம் அது.

நம் கல்லூரி மன்றங்கள் ஆண்டுவிழா நடத்துகின்றன, பட்டிமன்றம் நடத்துகின்றன, சமத்துவத்தைப் பற்றிக் கட்டுரைப் போட்டியும் நடத்துகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை இதையும் நடத்தட்டும். ஒன்பது இணை சேர்க்கட்டும். செலவைப் பொதுவாக்கட்டும். எவர் வீட்டுக்கு எவர் என்பதை விருப்பத்துக்கு விடாமல் சீட்டுக் குலுக்கட்டும். விருப்பத்துக்கு விட்டால் தெருவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் தலைகாட்டும். கூடத்தில் நாற்காலி இல்லையேல் பாய் விரிக்கட்டும். சூப்பும் காசரோலும் வேண்டா. சுண்டலும் சோறும் பாயசமும் போதும்.

‘அவன் வீட்டில் நான் உண்டேன்’ என்று பெருமை பேசுவோர் நம்மிடையே பலர். அதிலே அடக்கம் போல ஓர் ஆணவமும் ஒளிந்திருக்கிறது. ‘என் வீட்டில், என் கையால் சமைத்ததை, அவன் உண்டான்’ என்று சேரியில் பிறந்த மாணவனும் இயல்பாகக் கூறக்கூடிய நாள் வரவேண்டும். அந்த நாளுக்குத்தான் முற்போக்கு விருந்து என்ற பெயர் பொருந்தும். அதுவரை அது வீடுவீடாக நடந்து செரிக்கவைக்கும் நல்ல உலா, அவ்வளவே.